ஒரு மை ஓவியம்... ஐம்பது வண்ணப் படங்கள்! தோல் பதனிடும் ஊருக்குப் பழகிய வேதியியலில் ஒரு கைவேலை | கைவண்ணம்

வேலூர் வட்டாரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் எட்டிப் பார்க்காத வீடே இருக்காது. கல்யாணத் தாம்பூலப் பையில் இருக்கும் மணமக்கள் பெயர், மஞ்சப்பையில் இருக்கும் ஜவுளிக்கடை முகவரி, கோயில் திருவிழாவுக்கு இளைஞர்கள் ஒரே மாதிரி போட்டுக்கொள்ளும் டி-ஷர்ட் வாசகம்... இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கப்பட்டவைதான். ஷூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். பாதம் படும் இடத்தில் இருக்கும் கம்பெனி பெயரும் பல நேரங்களில் இப்படி வந்ததே.

பெயரும் முகவரியும் அடிக்கிற அதே சட்டத்தில் ஓர் ஓவியத்தையும் அடிக்கலாம். கறுப்பு மையில் நுணுக்கமாக வரைந்த ஒரு படத்தின் கோடுகளை மட்டும் தாளில் அச்சடித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் தூரிகையால் நிறம் கொடுப்பது ஒரு பழைய முறை. கோடு ஐம்பது தாளிலும் ஒன்றாக இருக்கும். நிறம் மட்டும் தாளுக்குத் தாள் கொஞ்சம் மாறும். அச்சுப்படத்தின் விலையில், கையால் செய்த படம் கிடைத்துவிடும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திரையில் படம் ஒட்டிக்கொள்வதற்கும் தொட்டியில் தோல் பதனாவதற்கும் பின்னால் இருப்பது ஒரே வேதியியல். அந்த வேதியியலின் நன்மை, தீமை இரண்டையும் இந்த ஊர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் நாட்டில் குறைவு. வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

கோடு அச்சில், நிறம் கையில்

கோட்டை அச்சடித்துவிட்டு நிறத்தைக் கையால் கொடுப்பது, வண்ண அச்சு வருவதற்கு முன்பு உலகம் முழுக்க இருந்த வழக்கம். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792, 1793-ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டைச் சுற்றி வந்து கோயில்களையும் மலைகளையும் வரைந்தார்கள். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 'ஓரியன்டல் சீனரி' தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். எல்லாம் செம்புத் தகட்டில் அச்சடித்து, கையால் நிறம் தீட்டப்பட்டவை.

அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்ற நிறுவனம் வீட்டுச் சுவர்களுக்கான மலிவுப் படங்களை விற்றது. நீண்ட மேஜையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு மாதிரிப் படம் இருக்கும். ஒருவர் நீலம் மட்டும் தீட்டுவார். அடுத்தவர் பச்சை. தாள் கை மாறி மாறிப் போய் மேஜையின் கடைசியில் முழுப் படமாகிவிடும்.

நம் வீடுகளிலும் இந்த வழக்கம் வேறு மாதிரி இருந்தது. ரவிவர்மா அச்சகம் 1894-ல் தொடங்கிய பிறகு லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பல குடும்பங்களில் அந்தப் படத்தை அப்படியே மாட்டவில்லை. புடவைப் பகுதியில் பட்டுத்துணி ஒட்டி, சரிகை வைத்து, ஜமிக்கி தைத்து, அதன் பிறகே கண்ணாடி போட்டார்கள். அச்சில் வந்த படத்தைத் தங்கள் கையால் முடித்த பிறகுதான் அது அவர்கள் வீட்டுச் சாமி ஆனது.

வேலூருக்கே ஓர் ஓவியர் பெயர் உண்டு. 1830-களில் இங்கே வேலை செய்த எல்லப்பா. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆங்கிலேயர்களுக்காக நீர்வண்ணத்தில் படம் வரைந்த தென்னிந்திய ஓவியர்களில் ஒருவர். அந்தக் காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் பெயர் இல்லாமலே போய்விட்டார்கள். எல்லப்பாவோ தான் உட்கார்ந்து படம் வரைவதையே ஒரு படமாக வரைந்து வைத்தார். 2019-ன் கடைசியில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் கம்பெனி கால இந்திய ஓவியர்களுக்காக நடந்த கண்காட்சியில் 'வேலூர் எல்லப்பா'வுக்கும் இடம் இருந்தது.

சென்னையில் ஒரு சாட்சி

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நுணுக்கமான கோடு வருமா என்று சந்தேகம் இருந்தால், அதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. திருவான்மியூரில் உள்ள தாரா புக்ஸ் பதிப்பகம், கீதா உல்ஃப் 1994-ல் தொடங்கியது. 2006-ல் இவர்கள் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த மரங்கள். ஒவ்வொரு கிளைக்குள்ளும் தலைமுடி போல ஆயிரம் கோடுகள், புள்ளிகள்.

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் கறுப்புக் கைத்தாளில், மனிதர்கள் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. ஒரு நிறம் அடித்து, காயவைத்து, அதன் மேல் மிகச்சரியாகப் பொருந்தும்படி அடுத்த நிறம். அடித்துக் கொடுப்பவர்கள் சென்னையின் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறைக் கைவினைஞர்கள். பிரதிக்குப் பிரதி எண் எழுதி விற்கப்படும் இந்தப் புத்தகம், 2008-ல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் விருது வாங்கியது.

அந்த அளவுக்குத் தேர்ச்சி வர ஆண்டுகள் ஆகும். நிறத்துக்கு நிறம் திரையைப் பொருத்துவதுதான் அதில் பெரிய சிரமம். நிறத்தைக் கையால் தீட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் அந்தச் சிரமமே இல்லை. கறுப்புக் கோட்டுக்கு ஒரே ஒரு திரை போதும். வீட்டில் தொடங்குபவர்களுக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணமும் அதுவே.

திரையும் தோலும் சொந்தக்காரர்கள்

துணியில் படம் எப்படி ஒட்டுகிறது? இழுத்துக் கட்டிய துணியின் மேல் எமல்ஷன் என்ற பசையைப் பூசிக் காயவைப்பார்கள். அதன் மேல் கறுப்புக் கோட்டுப் படம் உள்ள ஒளிபுகும் தாளை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பசை இறுகிவிடும். கறுப்புக் கோட்டின் நிழலில் இருந்த இடம் இறுகாது. தண்ணீர் அடித்தால் இறுகாத பசை கரைந்து ஓடிவிடும். கோடு இருந்த இடமெல்லாம் துணியில் வழி திறந்துவிடும். அதன் வழியாக மை இறங்கும்.

வெளிச்சம் பட்டால் பசை ஏன் இறுகுகிறது? பழைய முறையில் பசை என்பது ஜெலட்டின். விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தின் சுத்தமான வடிவம். அதில் பைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கலப்பார்கள். வெளிச்சம் படும்போது அந்த உப்பில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம், மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும். மாறிய குரோமியம் ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது.

தோல் தொழிற்சாலையில் நடப்பதும் இதுதான். பச்சைத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஜெலட்டினின் தாய்ப்பொருள். குரோமியம் அதன் இழைகளைக் கட்டிப்போடுவதால்தான் தோல் அழுகாமல், தண்ணீரில் ஊறிப் போகாமல் லெதராக நிற்கிறது. அந்தக் கணக்கில், வெளிச்சம் காட்டிய திரை என்பது படத்தின் வடிவத்தில் பதனிடப்பட்ட ஒரு மெல்லிய தோல்.

குரோமியத்துக்கு முன்பும் இந்தச் சொந்தம் இருந்தது. ஜப்பானில் துணிக்கு அச்சடிக்கும் 'கடகாமி' என்ற தாள் அச்சுகளை, துவர்ப்பான காட்டுப் பேரிச்சை வகைப் பழச்சாற்றில் தோய்த்து உறுதியாக்குவார்கள். அந்தத் துவர்ப்புதான் டானின். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டதும் அதே துவர்ப்பை நம்பித்தான்.

பைகுரோமேட் தடவிய தாள் வெளிச்சத்தில் மாறும் என்று ஸ்காட்லாந்துக்காரர் முங்கோ பான்டன் 1839-ல் கண்டுபிடித்தார். குரோமியத்தில் தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கியது 1884-ல். துணித்திரை வழியாக அச்சடிக்க இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றது 1907-ல். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் துணித்திரையும் குரோமிய உப்பும் ஒன்று சேர்ந்தன. போட்டோவைப் போல நுணுக்கமான படங்களைத் திரையில் ஏற்ற வழி பிறந்தது.

தமிழ்நாட்டில் ஓவியமும் குரோமியத் தோலும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலமும் உண்டு. இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் சென்னை ஓவியப் பள்ளி, 1850-ல் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டன், 1903 வாக்கில் அங்கேதான் குரோமியத்தில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் தண்ணீரில் சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கங்களில் ஒன்று.

பழைய மருந்து வேண்டாம்

இந்த இடத்தில்தான் வேலூர்க்காரர்கள் உஷாராக வேண்டும். பைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள். கையில் பட்டால் ஆறாத புண்ணும் ஒவ்வாமையும் வரலாம். தூளாக மூச்சில் போனால் இன்னும் மோசம்.

தோல் தொட்டியில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது இந்த அளவுக்கு நச்சு இல்லை. ஆனால், அதைத் தயாரிக்க மூலப்பொருளே பைகுரோமேட்தான். ராணிப்பேட்டையில் அதைத் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததும், சுற்றுவட்டார நிலத்தடி நீர் மஞ்சளாக வந்ததும் அங்குள்ளவர்களுக்குச் செய்தியல்ல, அனுபவம். பாலாற்றங்கரைத் தோல் கழிவுகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்', 'ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளை நாட்டுக்கே சட்டமாக்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதை 'வேலூர் வழக்கு' என்றே படிக்கிறார்கள்.

ஒரு வீட்டில் அடிக்கும் ஐம்பது படத்துக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஆனாலும் பைகுரோமேட் கலந்த பசையைக் கழுவும் மஞ்சள் தண்ணீர் கடைசியில் போவது அதே சாக்கடைக்குத்தான். விலை குறைவு, எங்கும் கிடைக்கும் என்பதால் ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள்கள் விற்கும் கடைகளில் 'பைகுரோமேட்' பாட்டிலை இன்றும் எடுத்துத் தரக்கூடும். வாங்காதீர்கள்.

'டயசோ எமல்ஷன்' அல்லது 'போட்டோபாலிமர் எமல்ஷன்' என்று கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் குரோமியம் இல்லை. டயசோவில் சிறு பாட்டிலில் வரும் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பசையில் கலக்க வேண்டும். போட்டோபாலிமர் அப்படியே பூசலாம். வெளிச்சத்தில் இன்னும் வேகமாக இறுகும். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஒரு திரைக்கு ஆகும் பசை சில ஸ்பூன்கள் என்பதால், ஐம்பது படத்துக்குப் பங்கு போட்டால் அந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது.

படம் வரையும்போதே திரையை நினையுங்கள்

முதல் படத்துக்கு வெளியே அலைய வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண் ஒன்று போதும். பாயும் குதிரை, யாளி, வீரர்கள் என்று ஒரே தூணில் ஒரு மாதத்துக்கான வேலை இருக்கிறது. கோட்டை அகழி, பஜார் தெரு, பாட்டி வீட்டுத் திண்ணை என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

வரைவதற்கு ஒரு விதி உண்டு. திரைக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. பென்சில் நிழலோ, தண்ணீர் கலந்த மையோ திரையில் ஏறாது. நிழல் வேண்டும் என்றால் நெருக்கமான கோடுகளாலும் புள்ளிகளாலும்தான் காட்ட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பகுதிக்காக ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். கல்லின் வழவழப்பு, சொரசொரப்பு இரண்டையும் மைக்கோட்டிலேயே கொண்டுவந்தவர் அவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்தான்.

இரண்டாவது விதி, கோட்டின் தடிமன். தாளில் நுணுக்கமாக அடிக்க, சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள துணி கேளுங்கள். கடைக்காரர் அங்குலக் கணக்கில் 305 என்று சொன்னாலும் அது இதேதான். பெயர்தான் சில்க் ஸ்கிரீன். ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் இதில் கிடையாது. இப்போது எல்லாம் பாலியஸ்டர். இந்தத் துணியில் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடைவெளி சுமார் 0.08 மில்லிமீட்டர். கோடு உடையாமல் நிற்க அதைப்போல மூன்று மடங்கு அகலம் வேண்டும். அதாவது, கால் மில்லிமீட்டர். 0.1 பேனாவில் வரைந்த கோடு திரையில் ஏறும்போது காணாமல் போகும். 0.3 பேனாவில் தொடங்குவது பத்திரம்.

கோடுகளுக்கு நடுவில் விடும் வெள்ளைக்கும் இதே கணக்குதான். நெருக்கி வரைந்தால் மை பரவி மொத்தமும் கறுப்புத் திட்டாகிவிடும். பெரிதாக வரைந்து ஜெராக்ஸில் சுருக்கினால் கோடும் சேர்ந்து மெலியும் என்பதையும் மறக்க வேண்டாம். அச்சில் எந்த அளவு வேண்டுமோ அதே அளவில், டிரேசிங் ஷீட்டின் மேலேயே அடர்த்தியான கறுப்பு மையில் வரைவது நல்லது. தாளில் ஏற்கெனவே வரைந்துவிட்டால் ஓ.ஹெச்.பி ஷீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்புக்குள் வெளிச்சம் கசியக் கூடாது.

வேலூர் வெயிலில் திரை தயாரிப்பது

சட்டத்தில் கட்டிய துணியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி எண்ணெய்ப் பசை போகக் காயவையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, மங்கலான மஞ்சள் விளக்கில், எமல்ஷனை வெளிப்பக்கம் ஒருமுறை, உள்பக்கம் ஒருமுறை மெல்லிசாக இழுங்கள். திட்டுத் திட்டாகப் பூசினால் நுணுக்கமான கோடு வராது.

பிறகு இருட்டறையில் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். இங்கேதான் நம் ஊர் வெயில் விளையாடும். 40 டிகிரிக்கு மேல் சூடான அறையில் வைத்தால் வெளிச்சம் படாமலே எமல்ஷன் இறுகத் தொடங்கிவிடும். தண்ணீர் அடித்தால் படம் திறக்காது. அக்னி நட்சத்திர நாள்களில் மொட்டைமாடி அறையைத் தவிர்த்து, வீட்டின் குளிர்ந்த அறையில் ஃபேன் காற்றில் காயவையுங்கள்.

காய்ந்த திரையின் உள்பக்கத்தில், சட்டத்துக்குள் பொருந்தும் அளவு பஞ்சுப் பலகையைக் கறுப்புத் துணி சுற்றி வையுங்கள். வெளிப்பக்கம் மேலே இருக்கட்டும். அதன் மேல் படத்தை, மை பட்ட பக்கம் எமல்ஷனைத் தொடும்படி கவிழ்த்து வைத்து, மேலே கனமான கண்ணாடியை அழுத்துங்கள். படத்துக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து மெல்லிய கோட்டைத் தின்றுவிடும்.

வெளிச்சத்துக்கு யூ.வி விளக்கு இருந்தால் நேரம் ஒரே மாதிரி இருக்கும். வெயிலிலும் செய்யலாம். ஆனால், காலை வெயிலும் மதிய வெயிலும் ஒன்றல்ல. அதனால் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டும் பயனில்லை. ஒரு சின்னத் திரையில் படத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, அட்டையால் மூடி மூடி, பட்டைக்கு அரை நிமிடம் கூடுதலாகக் காட்டிச் சோதித்துப் பாருங்கள். கோடு முழுதாகத் திறந்து, சுற்றிலும் எமல்ஷன் வழுக்காமல் கெட்டியாக நிற்கும் பட்டைதான் உங்கள் வீட்டு நேரம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். இரண்டு பக்கமும் நனைத்து இரண்டு நிமிடம் விட்டு, மெல்லிய ஷவரில் கழுவினால் கோடு கோடாகப் படம் திறக்கும். யாளியின் பல்லும் குதிரையின் பிடரியும் வெளிச்சத்தில் தெரியும்போது, இதற்காகச் செலவழித்த நேரம் மறந்துவிடும்.

அச்சடிப்பது

சட்டத்தை மேஜையில் கீல் போட்டு மாட்டுங்கள். திரைக்கும் தாளுக்கும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று வைத்த இரண்டு நாணயத்தின் உயரம் இடைவெளி இருக்கட்டும். தாள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார, மேஜையில் மூன்று சிறிய அட்டைத் துண்டுகளை ஒட்டி எல்லை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் தீட்டப் போவதால் 250 ஜி.எஸ்.எம்-க்குக் குறையாத தடிமனான தாள் வேண்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாகிவிடும்.

மை, காய்ந்தால் தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரிகை பட்டதும் கறுப்பு வழிந்து படமே அழுக்காகும். தண்ணீரில் கழுவக்கூடிய, காய்ந்த பிறகு கரையாத அக்ரிலிக் வகை ஸ்கிரீன் மை வீட்டுக்குச் சரி. ரப்பர் ஸ்க்வீஜியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு தடிக்கும்.

இந்த வகை மை வெயில் நேரத்தில் திரையிலேயே காய்ந்து மெல்லிய கோடுகளை அடைத்துவிடும். விடியற்காலையில் அடிப்பதும், ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் திரையைத் தூக்கி மையை மெல்லப் பரப்பி மூடி வைப்பதும் நல்லது. காய்வதைத் தாமதப்படுத்தும் 'ரிடார்டர்' திரவமும் கடையில் கிடைக்கும். முதல் ஐந்தாறு தாள் சரியாக வராது. அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். நிறம் பழக அவைதான் உதவும்.

நிறம், எல்லோருக்குமான வேலை

எமல்ஷனும் கழுவுவதும் பெரியவர்கள் வேலை. நிறம் தீட்ட பள்ளிக்கூடப் பிள்ளை முதல் தாத்தா வரை எல்லோரும் உட்காரலாம். அச்சடித்த தாளை ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, வெளிச்சம் புகும் மெல்லிய நீர்வண்ணத்தில் தீட்டுங்கள். போஸ்டர் கலர் போன்ற கெட்டி வண்ணம், பாடுபட்டு அச்சடித்த கோட்டை மறைத்துவிடும்.

ஒரு தாளை நிறம் தீட்டி முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் தீட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவது சுலபம். முதலில் வெளிர்மஞ்சள், கடைசியில் அடர்நீலம் என்று வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். ஒரு மாதிரிப் படத்தை எதிரில் மாட்டி வைத்தால் பத்துப் பேர் தீட்டினாலும் ஒரே குடும்பத்துப் படங்களாக இருக்கும்.

எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தூண் முழுதும் கறுப்புக் கோடாக இருந்து, குதிரையின் சேணத்துக்கு மட்டும் ஒரு துளி சிவப்பு வைத்தாலே படம் எழுந்து நிற்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

வேலை முடிந்ததும் திரையில் மிஞ்சிய மையை அட்டையால் வழித்து டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். ஒட்டியிருப்பதைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். குரோமியம் இல்லை என்பதற்காக எமல்ஷனும் மையும் சாக்கடையில் போகலாம் என்று அர்த்தமில்லை. திரையை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கழுவி, தண்ணீரை ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடைத் துணியில் வடிகட்டிக் காயவைத்து, குப்பையில் தனியாகக் கட்டிக் கொடுப்பதே முறை.

பழைய எமல்ஷனை எடுக்கச் சிலர் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அதை வினிகரோடோ ஆசிட்டோடோ சேர்த்துவிட்டால் நச்சு வாயு வரும். கடையில் கிடைக்கும் ஸ்கிரீன் ரிமூவரை ஜன்னல் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டு கையெழுத்து

முடித்த படத்தின் அடியில், இடது ஓரத்தில் பென்சிலால் 12/50 என்று எழுதுவது வழக்கம். ஐம்பதில் இது பன்னிரண்டாவது படம் என்று அர்த்தம். ஐம்பதுக்கு மேல் அடிக்க மாட்டேன் என்பது வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. எண்ணிக்கை முடிந்ததும் திரையிலிருந்து படத்தை அழித்துவிட வேண்டும். வலது ஓரத்தில் வரைந்தவர் கையெழுத்து.

நிறம் தீட்டியவர் வேறொருவராக இருந்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். டேனியல் படங்களில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. தாள் தாளாக நிறம் தீட்டியவர்கள் யார் என்று அதில் இல்லை. கரியர் அண்ட் ஐவ்ஸ் மேஜையில் நீலம் தீட்டிய பெண்ணின் பெயரும் படத்தில் ஏறவில்லை. உங்கள் வீட்டில் அடிக்கும் படத்தில் கோடு அப்பாவுடையதாகவும் நிறம் மகளுடையதாகவும் இருந்தால், பென்சிலில் இரண்டு பெயருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

ஐம்பது என்று மலைக்க வேண்டாம். முதல் முறை பத்துத் தாள் போதும். அடுத்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க ஒன்று, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டுச் சுவருக்கு ஒன்று என்று பத்தும் வீட்டைவிட்டுப் போய்விடும். உங்கள் வீட்டுக்கு என்று ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்!